முதலாளியின் முதுகு

முட்டி தேய்ந்துபோன பிறகுதான் தச்சர் ஆடுகளை வாங்கினார். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. குன்றின் மேல் நாற்பது வீடுகள் இருந்தன. வண்டி ஏறும் பாதை கிடையாது. அங்கே கதவு சிக்கினாலும் ஜன்னல் இறங்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதுவரை உளிப்பெட்டியையும் பலகைகளையும் தோளில் சுமந்து ஏறியவர், காயடித்த நான்கு கிடாக்களின் முதுகில் அவற்றைக் கட்டிவிட்டுக் கைவீசி நடக்க ஆரம்பித்தார். பொதி ஏற்றும் மரச் சேணங்களையும் அவரே செய்தார். தன் கைவேலையில் குறை இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

போகப்போக, ஆடுகளைத் திருத்துவதில் அவருக்குப் பேர் வந்தது. கயிற்றைக் கடித்துத் தின்பவை, காலை இடறிக்கொண்டு முந்துபவை, ஆளைக் கண்டாலே முட்டுபவை என்று சுற்றுவட்டாரத்து உருப்படாத ஆடெல்லாம் அவர் வாசலுக்கு வந்தன. முந்துகிற ஆட்டின் முகத்தில் தண்ணீர் பீய்ச்சுவார். முட்டுகிற ஆட்டின் சொந்தக்காரரிடம், குட்டியாக இருந்தபோது அதன் நெற்றியைப் பிடித்துத் தள்ளி விளையாடினீர்களா என்று கேட்பார். வந்தவர் அசடு வழிவார். ஆட்டை அடிக்கவே கூடாது, அடித்தால் அது பயத்தை மட்டும்தான் கற்றுக்கொள்ளும் என்று கறாராகச் சொல்லியனுப்புவார்.

நான்கில் முதல் கிடாவுக்கு முதலாளி என்று பெயர். எத்தனை ஆடு இருந்தாலும் தான்தான் முன்னால் நடப்பேன் என்று அடம் பிடித்ததால் தச்சரின் அக்கா வைத்த பெயர் அது. கணவர் போன பிறகு அக்கா தம்பி வீட்டிலேயே தங்கி, முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். முதலாளி அவள் மடியில் தலை வைத்துத் துணியை மோந்து பார்க்கும். தச்சர் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால், அவர் செருப்பின் மேலேயே படுத்துவிடும்.

ஆறாவது வயதில் முதலாளி பாதையில் படுக்க ஆரம்பித்தது. மூன்றாவது வளைவு வந்ததும் முன்கால்களை மடக்கி உட்கார்ந்துவிடும். தச்சர் ரொட்டித் துண்டு காட்டிப் பார்த்தார், கொஞ்சிப் பார்த்தார், ரோஷம் வரட்டும் என்று வரிசையின் கடைசி ஆடாகக் கட்டிப் பார்த்தார். எதற்கும் மசியவில்லை.

ஒருநாள் பால்காரர் தன் ஆட்டைக் காட்டுவதற்காகக் கூடவே ஏறி வந்தார். பாதி வழியில் முதலாளி படுத்தது. பால்காரர் வாய்க்குள் சிரித்தார். அவ்வளவுதான். தச்சருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கயிற்றின் நுனியைச் சுருட்டிப் பிடித்து, ஓங்கி நான்கைந்து அடி வைத்தார். முதலாளி எழுந்து நடந்தது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு தடவை. அதன் பிறகு அது படுக்கவே இல்லை. எப்படிப்பட்ட பிடிவாதத்தையும் தன்னால் போக்க முடியும் என்று தச்சர் இரண்டு மாதம் பார்த்தவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டார்.

இடையில் ஒரு மாலை அக்கா, முதலாளியின் முதுகில் ஒரு இடத்தில் முடி வெளுத்திருக்கிறது, தொட்டால் உடம்பைச் சிலிர்க்கிறது என்றாள். வயசாகிறது என்று தச்சர் பேச்சை முடித்தார்.

பிறகு ஒரு காலை, சேணத்தை மேலே வைத்ததுமே முதலாளியின் பின்கால்கள் வெடவெடவென்று நடுங்கின. ஆட்டு வைத்தியர் வந்தார். கண்டிப்பான அம்மாள், அதிகம் பேசமாட்டார். முதுகெலும்பின் இருபுறமும் விரலால் அழுத்திக்கொண்டே போனவர், வெளுத்த இடத்தில் நிறுத்தினார். முடிக்கு அடியில் பழைய புண். சதை உள்ளே கன்றிக் கெட்டித்துப்போயிருந்தது. மூன்று வயதில் அளவெடுத்த சேணம், ஆடு அகலமான பிறகும் மாறவில்லை. மேடு ஏறும்போதெல்லாம் முன்சட்டத்தின் விளிம்பு அங்கேயே குத்தியிருக்கிறது.

"நடக்கும்போது படுக்குமே, படுக்கலையா?" என்று வைத்தியர் கேட்டார்.

"முன்னாடி படுத்துட்டு இருந்துச்சு. இப்ப படுக்கறதில்லம்மா. நான்தான்..." என்று ஆரம்பித்த தச்சர், கழற்றி வைத்திருந்த சேணத்தை எடுத்து முன்சட்டத்தின் விளிம்பைத் தடவினார். வைத்தியர் மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றே நான்கு சேணங்களையும் பிரித்துப்போட்டு, ஒவ்வொரு ஆட்டுக்கும் மறுபடி அளவெடுத்தார். முதலாளிக்கு மட்டும் புதுச் சேணம் செய்யவில்லை.

"நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதாக்கா?" என்று ஒருநாள் ஆற்றாமையில் கேட்டுவிட்டார்.

அக்கா தையலை நிறுத்தவில்லை. "நான் சொன்னேன்டா. ஆடு உங்கிட்ட எத்தனை நாள் சொல்லுச்சு? அதுக்கு நீ என்ன பண்ணின?"

அதற்குப் பிறகு யாராவது ஆட்டைக் கொண்டுவந்தால், முதலில் சேணத்தைக் கழற்றச் சொல்லி, முதுகு முழுக்கத் தடவிப் பார்ப்பார். குளம்பைப் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார். இவரிடம் போனால் ஒரு நாள் போய்விடுகிறது என்று சலித்துக்கொண்டு பலர் வருவதை நிறுத்தினார்கள்.

முதலாளி சுமையில்லாமல் மூன்று வருஷம் இருந்தது. புண் ஆறியது. அக்காவிடம் பழையபடி குழைந்தது. ஆனால் தச்சரின் காலடிச் சத்தம் கேட்டால் போதும். நிழலில் அசைபோட்டுக் கிடந்தாலும் விருட்டென்று எழுந்து, பொதி ஏற்றுவதற்கு முதுகைக் காட்டி நிற்கும். படு, படு என்று கெஞ்சுவார். தீனி நீட்டுவார். அதை வாங்கிக்கொண்டு நின்றபடியே மெல்லும்.

கடைசிக் காலத்தில் அதற்கு எழுவதே பெரும்பாடாக இருந்தது. அதனால் தச்சர் வேலை முடிந்து வரும்போது, வாசல் வழியாக வராமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு, துணி துவைக்கும் இடம் வழியாகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைவார்.