கடைசிச் சொட்டு

எவலினுக்கு எதையும் மிச்சம் வைக்கப் பிடிக்காது. பற்பசைக் குழாயைக் கத்தரித்து வழிப்பாள். டீ கிளாஸின் அடியில் தங்கும் நுரையைக்கூடக் கரண்டியால் சுரண்டிக் குடிப்பாள். கிள்ளானில் டீக்கடை வைத்திருக்கும் கணவன் ரோனிக்கு அதில் பெருமைதான்.

அவளுக்கு வேலை ஷா ஆலத்தில், டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில். ஒரே சாம்பிளைப் பிளாஸ்டிக் தட்டின் மூன்று சிறு குழிகளில் விட்டு இயந்திரத்தில் வைத்தால், திரையில் மூன்று கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக விழ வேண்டும். அவளுக்கோ ஒரு கோடு அடிக்கடி விலகி ஓடியது. இயந்திரத்தைத் திட்டினாள். அறையைக் குளிர்விக்கும் ஏர்கோனைத் திட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை குழித்தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. திரவத்தை உறிஞ்சி அளந்து விடும் பிப்பெட்டின் முனையில் ஒட்டிய கடைசிச் சொட்டையும் விடாமல் அழுத்தித் தள்ளியதில் காற்றும் சேர்ந்து இறங்கி, ஒரு குழியில் நுரை கட்டியிருந்தது. அதனால்தான் இயந்திரம் அந்தக் குழியைத் தப்பாகப் படித்திருக்கிறது.

அடுத்த முறை சற்றுக் கூடுதலாக உறிஞ்சி, வேண்டிய அளவை மட்டும் மெதுவாக விட்டாள். மிச்சத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு, கழற்றிய பிளாஸ்டிக் முனையோடு குப்பையில் போட்டாள். மூன்று கோடுகளும் ஒரே கோடாயின. எவலின் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

சாயங்காலம் ரோனி ஆற்றிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, அடி நுரையைத் தொடாமல் கிளாஸை நீட்டினாள். அவன் முகம் சுருங்கிவிட்டது.

"ஏன், டீ நல்லா இல்லையா?"

"டீ சூப்பர்லா. கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டுத்தான் என் வேலை கெட்டுச்சு. இனிமே மிச்சம் வைப்பேன்."

ரோனி கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பிறகு கரண்டியை எடுத்து, அந்த நுரையைச் சுரண்டித் தானே குடித்தான்.