மணிக்கட்டில் ஒரு தகடு

காங்கேசன்துறை. எங்கள் பெட்டிகள் நாகப்பட்டினம் போகும் கப்பலில் ஏறிவிட்டன. நாங்கள் இன்னும் ஏறவில்லை. என் இத்தாலியத் தோழி சில்வானாவின் வலது மணிக்கட்டில் சோதனைக் கருவி விடாமல் கத்துகிறது. நாடு நாடாகப் போய் டென்னிஸ் ஆடியவள் அவள். அந்தக் கை முறிந்ததோடு ஆட்டமும் போயிற்று.

சோதிக்கும் பெண் தழும்பைத் தடவிப் பார்க்கிறார்.

"சண்டைக்குள்ளை பட்ட செல் குண்டுத் துண்டோ?"

"இல்லை அக்கா, டென்னிஸ் விளையாடி முறிஞ்ச கை. உள்ளுக்குள்ளை தகடு வைச்சிருக்கு."

"விளையாடியோ!"

அவர் சிரித்துக்கொண்டே கருவியைத் தன் தோளில் வைக்கிறார். அங்கும் கத்துகிறது.

"எனக்கும் ஒண்டு கிடக்கு, செல் துண்டு. நீங்கள் போங்கோ."

கப்பலை நோக்கி ஓடுகிறோம். தமிழ் தெரியாத சில்வானா மூச்சிரைக்கக் கேட்கிறாள்:

"அவர் என்ன விளையாடினார்?"