முதல் ஓலை

புத்தகத்தையும் நவநாள் ஜெபம் போலத்தான் ஆரோக்கிய ராணி படிப்பாள். ஓர் அத்தியாயம் ஒன்பது நாள். முடிந்ததும் சிலுவை போட்டுக்கொள்வாள்.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் பேருந்து. அங்கே ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. புதுச்சத்திரம் தாண்டி உட்கார இடம் கிடைத்ததும் புத்தகம் வெளியே வரும். மன அமைதி, இழப்பிலிருந்து மீள்வது, முடிவெடுப்பது. கணவர் ஜெகன் மாரடைப்பில் இறந்த வருஷம் ஒரு நர்ஸ் முதல் புத்தகத்தைக் கொடுத்தார். மற்றவை அவளே வாங்கியவை.

கண்ணாடியைப் பார்த்து 'உன்னை நேசிக்கிறேன்' என்று சொல்லச் சொன்னது ஒரு புத்தகம். மகள் ஜெனிபர் சிரித்ததால் அதை விட்டாள். இறந்தவர் எதிர் நாற்காலியில் இருப்பதாக நினைத்துப் பேசச் சொன்னது இன்னொன்று. அதை விடவில்லை. ஜெனிபருக்குச் சென்னையில் வேலை கிடைத்ததைச் சொன்னாள், மாடித் தண்ணீர்த்தொட்டி ஒழுகுவதைச் சொன்னாள். ஒரு நாள் அடைக்கலராஜைப் பற்றியும் சொன்னாள். நாற்காலி பேசவில்லை. உயிரோடு இருந்தபோதும் ஜெகன் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறவர் அல்ல. சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அடைக்கலராஜ் பரிசோதனை நிலையத்துக்குப் பக்கத்து மருந்துக்கடைக்காரர். மனைவியை இழந்தவர். புத்தகம் படிக்காதவர்.

"அத்தன பக்கத்துலயும் நீ நல்லா இருப்பன்னுதான எழுதியிருக்கான்? அத நானே சொல்லுவனே" என்றார் ஒரு முறை. ராணி அன்று அத்தியாயத்தை முடிக்கவில்லை.

கல்யாணத்துக்கு ஜெனிபர் போனிலேயே சரி சொல்லிவிட்டாள். சிக்கல் ஓலையில் வந்தது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசை முடிவில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று சாமியார் அறிவிப்பதுதான் ஓலை. அவர்கள் கோயில் பங்கில் மணப்பெண் வெட்கப்பட்டு அந்தப் பூசைக்கு வருவதில்லை. நாற்பத்தாறு வயதில் ராணிக்கு ஓலையே எதற்கு என்றார் ஜெகனின் அக்கா ஜான்சி. கோயில் பாடகர் குழுவில் மூத்தவர்.

"ஃபாதர்கிட்ட கேட்டு, ஓலையில்லாம வேற ஊர்ல முடிச்சுக்க ராணி. நான் ஒண்ணும் தப்புன்னு சொல்லல. எந் தம்பி பேர அங்க வச்சி வாசிப்பாங்க, என்னால கேக்க முடியாது."

அதற்கு ஆயரிடம் அனுமதி வாங்கித் தருவதாகச் சாமியாரும் சொன்னார். ராணி தலையாட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் பேருந்தில் முடிவெடுப்பது பற்றிய அத்தியாயம். 'இந்தப் பயம் யாருடையது?' என்று கேட்டிருந்தது. அவள் பக்கத்தைப் புரட்டவில்லை. திருட்டுத்தனமாக வாழ ஜெகனோடும் அவள் பழகியதில்லை. சிதம்பரத்தில் இறங்கியதும் சாமியாருக்குப் போன் செய்தாள்.

"ஓலைய வாசிங்க ஃபாதர். நானும் வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் பேச்சு ஓடியது. பாடகர் குழுவில் ஜான்சி இவளைப் பார்க்கவில்லை. வரிசையில் போய் நன்மை அப்பம் வாங்கி எல்லாரும் உட்கார்ந்த பிறகு சாமியார் தாளை எடுத்தார்.

"சிதம்பரம் பங்கைச் சேர்ந்த அடைக்கலராஜுக்கும், நம் பங்கைச் சேர்ந்த, காலஞ்சென்ற ஆரோக்கிய ஜெகனின் மனைவி..."

ஜெகன் பெயரைக் கேட்டதும் ராணி எழுந்துவிட்டாள். ஏன் என்று தெரியவில்லை. எழுந்தபின் உட்காரவும் தோன்றவில்லை. முன்பெஞ்சு எழுந்தால், எல்லாரும் நின்று வாங்கும் கடைசி ஆசீர் வந்துவிட்டது என்று அர்த்தம். பின்வரிசை எழுந்தது. ஆண்கள் பக்கம் எழுந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்களும் எழுந்தார்கள். சாமியார் நிமிர்ந்து பார்த்தார். கோயில் முழுக்க நின்றுகொண்டிருந்தது. மிச்சத்தை வாசித்தார். திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும் என்றார். ஜான்சியும் நின்றுகொண்டுதான் கேட்டார்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. ராணி கவனமாக உட்கார்ந்தே இருந்தாள். அவள் பெயர் வந்தபோது பின்னால் பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது. திரும்பினாள். சிலர் எழுந்து நின்றிருந்தார்கள், இந்த முறை தெரிந்தே.