விடிவதற்கு முன் எடுத்த தண்ணீர்

கண்ணாடி மூடி போட்ட சின்னப் புட்டி அது. ஏரித் தண்ணீரை அதில் நிரப்பி இரண்டு திரவங்களைச் சொட்டினால் போதும். தண்ணீரில் பிராணவாயு இருந்தால் பழுப்பாகப் படியும். இல்லையென்றால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படியும். எண்பதுகளில் மைசூர்க் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளன். அந்தப் புட்டிகளைப் பெட்டியில் அடுக்கித் தூக்கிக்கொண்டு மேடத்தின் பின்னால் ஏரி ஏரியாக அலைந்தேன். மேடம் விலங்கியல் பேராசிரியை, ரயில்வேக்காரர் மகள். யாருக்கும் பயப்படமாட்டார்.

ஒரு கோடையில் ஊரோரத்து ஏரியில் மீன்கள் செத்து மிதந்தன. மீன்துறை அதிகாரி ஒருவர் பகல் பதினொரு மணிக்கு வந்து தண்ணீரைச் சோதித்தார். பழுப்பு. தண்ணீர் நன்றாக இருக்கிறது, யாரோ விஷம் கலந்திருக்கிறார்கள் என்று எழுதிவிட்டுப் போனார். ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்து அங்கே மீன் குத்தகை எடுத்திருந்தவரைப் போலீஸ் பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைத்தது. "நான் வளத்த மீனுக்கு நானே வெசம் வெப்பனுங்களா?" என்று, பார்க்கப் போன எங்களிடம் கேட்டார். ஒரு மடையனுக்குக்கூட அது புரியும். காக்கிச் சட்டைக்குப் புரியவில்லை.

ஊர்ச் சாக்கடை விழும் ஏரி அது. அப்படிப்பட்ட தண்ணீரில் பாசி கொழுக்கும். வெயிலில் அது பிராணவாயுவை விடும். இருட்டியதும் அதுவே இழுத்துத் தீர்க்கும். பகலில் சோதித்தால் பொய்தான் கிடைக்கும். மறுநாள் வழக்குப் போடப்போகிறார்கள் என்று கேட்டதும், விடியுமுன்பே மேடம் அதிகாரி வீட்டு வாசலில் போய் நின்றார்.

"என்ன மேடம், கோழிகூட இன்னும் எழும்பலையே?"

"மீன் எழுந்தாச்சு சார். வந்து பாருங்க."

மேடம் கேட்டுக்கொண்டபடி போலீஸ்காரர் ஒருவர் குத்தகைக்காரரையும் ஏரிக்குக் கூட்டி வந்திருந்தார். பிழைத்திருந்த மீன்கள் நீருக்கு மேல் வாயைத் தூக்கித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நான் திரவங்களைச் சொட்டினேன். வெள்ளை. இன்னொரு புட்டி. அதுவும் வெள்ளை. அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு புட்டிகளையும் பார்த்தார்.

"சரி, இந்த ஆள விட்டுடுங்க."

குத்தகைக்காரர் நகரவில்லை. "என்னை விட்டுட்டீங்க, சரிங்க. மிச்ச மீனு?"

"சாக்கடை நம்ம டிபார்ட்மெண்ட் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

ஓய்வு பெறும்வரை மேடம் அந்தச் சாக்கடையைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். ஒருவரும் அடைக்கவில்லை. இப்போது அந்தக் கரையில் நடைபாதை, பெஞ்சு, கலர் விளக்கு எல்லாம் வந்துவிட்டன. சாக்கடை அப்படியே விழுகிறது. கோடையில் மீன் சாகிறது. நடக்க வருகிறவர்கள் கண்ணில் படாமல், விடிவதற்குள் அள்ளிவிடுகிறார்கள்.