ஓகனுக்குக் காற்றுப் போட்டவள்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவள் நான். இதைச் சொல்லாமல் எந்தக் கதையையும் என்னால் தொடங்க முடியாது. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும், அந்தப் பிள்ளை இதைச் சொல்லாமல் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்காது என்பார்கள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா இடியப்பம் அவித்து விற்றார். நானோ மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன், ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினேன், ஐந்து கோடுகளில் எழுதிய இசையைப் பார்த்த மாத்திரத்தில் ஓகன் என்கிற காற்று வாத்தியத்தில் வாசிக்கப் பழகினேன், அதற்கான பரீட்சையிலும் பாஸ் பண்ணினேன். இவ்வளவையும் செய்து முடித்தவளுக்கு வானொலியில் கிடைத்த முதல் வேலை, ஓகனுக்குப் பின்னால் நின்று காற்றுப் போடுவது.

அந்த ஓகனுக்கு முன்னால் இருந்தவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையில் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ச்சில் ஓகன் வாசிப்பார். மற்ற நாட்களில் கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழு நடத்துவார்; எப்போதாவது வானொலிக்காரர்களும் கூப்பிடுவார்கள். நல்ல உயரம், நல்ல உடுப்பு, தலையில் வழியவழிய எண்ணெய். அவருக்கு ஒரேயொரு வியாதி இருந்தது. அது அவருடைய கைகளில் இருந்தது.

சேர்ச்சில் ஒவ்வொரு பாட்டும் முடிந்தவுடன் ஓகன்காரர் இரண்டு நீண்ட, தடித்த ஒலிகளை வாசிப்பார். அதற்குச் சபையார் எல்லாரும் சேர்ந்து “ஆ… மென்” என்று பாடி முடிப்பார்கள். வருசக்கணக்காக இதைச் செய்துசெய்து, மாஸ்டரின் கைகளுக்குப் பாட்டு என்றால் அதன் வால் ஆமென் என்று ஆகிவிட்டது. காதல் பாட்டானாலும் சரி, தாலாட்டானாலும் சரி, நடனத்துக்கு வாசிக்கிற துள்ளல் பாட்டானாலும் சரி, கடைசிச் சுரம் முடிந்ததும் இரண்டு கைகளும் தாமாகவே கீழே போய் அந்த இரண்டு ஒலிகளையும் அழுத்திவிடும்.

நான் அவரை முதலில் பார்த்ததும் அந்த வியாதியால்தான். என்னோடு படித்த சைவப் பிள்ளையொருத்திக்கு வெள்ளவத்தையில் கல்யாணம். தாலி கட்டியாயிற்று. மாஸ்டரின் குழு ஒரு காதல் பாட்டை வாசித்து முடித்தது. வழக்கம்போல அந்த இரண்டு ஒலிகளும் பின்னால் வந்தன. மண்டபத்தில் ஒரு வரிசை முழுவதும் நாங்கள், அதே பள்ளிக்கூடத்துப் பெட்டைகள். அரைவாசிப் பேர் சைவம், இரண்டு பேர் முஸ்லிம்கள். எந்தச் சமயமாக இருந்தால் என்ன, தினமும் காலையில் பள்ளிக்கூட ஜெபத்தில் நின்று வளர்ந்த தொண்டைகள். மேல்குரல், கீழ்க்குரல் என்று பிரிந்து, அத்தனை பேரும் ஒரே மூச்சில், “ஆ… மென்!”

ஐயர் கையில் தட்டத்தோடு திரும்பிப் பார்த்தார். மணவறையில் இருந்த மணப்பெண்ணின் வாயும் அசைந்ததை நான் கண்ணால் கண்டேன்.

பந்திக்கு முன்னால் மாஸ்டர் நேரே எங்கள் வரிசைக்கு வந்தார்.

“ஆர் பிள்ளையள், அந்தக் கீழ்க்குரல் பாடினது?”

நான் எழும்பினேன். “நான்தான்.”

“நல்லாத்தான் பாடினீர். ஆனா என்ரை மானமெல்லே போயிட்டுது!”

“பாடினது நாங்கள்தான். வாசிச்சது நீங்கள்.”

அவர் பெரிதாகச் சிரித்தார். ஓகன் வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், பரீட்சை பாஸ் என்றேன். பாஸ் பண்ணியதைக் கேட்கவில்லை, வாசிக்கத் தெரியுமா என்றுதான் கேட்டேன் என்றார். அடுத்த கிழமை பயிற்சிக்கு வரச்சொன்னார்.

அவர் வீடு ரயில் பாதையோரம். பாட்டின் நடுவில் ரயில் போனால் எல்லாரும் வாசிப்பதை நிறுத்தி, மேசையில் கிடுகிடுக்கும் தேத்தண்ணிக் கோப்பைகளைப் பிடித்துக்கொள்வோம். முதல் நாள் அப்பாவும் கூட வந்தார். மாஸ்டரின் மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். தபேலாக்காரருக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். ஓகனைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். “சரி, போய் வா. இருட்டுறதுக்குள்ள பஸ் ஏறிறணும்” என்றார். ஓகனும் நல்ல குடும்பத்துப் பண்டம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் வானொலியிலிருந்து பெரிய செய்தி வந்தது. தமிழ் நிகழ்ச்சிக்குக் கிழமைதோறும் வாசிக்க ஒரு நிரந்தர மெல்லிசைக் குழு தேவையாம். மாஸ்டரின் குழு ஒரு மாலை நேரடியாக வாசித்துக் காட்ட வேண்டும். பிடித்தால் வேலை நிரந்தரம். இதைச் சொல்ல நிகழ்ச்சி அதிகாரியே வந்தார். கண்ணாடி போட்ட, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிற மனுசன். இருந்து இரண்டு பாட்டுக் கேட்டார். இரண்டுக்கும் ஆமென் வந்தது.

“மாஸ்டர், உது என்ன?”

“அது நான் வாசிக்கிறதில்லை, சேர். என்ரை கை வாசிக்குது.”

“உங்கடை கையிட்டைச் சொல்லி வையுங்கோ. இது மெல்லிசை நிகழ்ச்சி. தீவு முழுக்கக் கேக்கிறது. உது ஒருக்கா வந்தாலும் நான் வேற குழுவைப் பாப்பன்.”

அவர் போனபின் எல்லாரும் வைத்தியர்களானோம். பாட்டு முடிந்ததும் கைகளைத் தூக்கித் தலைக்கு மேலே வைக்கச் சொன்னார் வயலின்காரர். கைகள் மேலே போயின. புறா கூட்டுக்குத் திரும்புவதுபோல வட்டமிட்டு அதே இடத்தில் இறங்கின. கைகளின் மேலே உட்காரச் சொன்னார் மனைவி. அவர் உட்காருவதற்கு முன்பே ஆமென் முடிந்துவிட்டது.

“கையக் கட்டிப் போடுங்க மாஸ்டர்” என்றார் தபேலாக்காரர்.

“கட்டினாப் பிறகு எதாலை ஐசே வாசிக்கிறது? மூக்காலையோ?”

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வானொலி நிலையத்து ஓகனை நான் பள்ளிக்கூடத்தோடு போனபோது ஒருமுறை பார்த்திருந்தேன். வாசிப்பவர் காலால் மிதித்தும் காற்று ஏற்றலாம். மிதிக்காமல் விட்டால், பின்பக்கத்தில் இருந்த மரக்கைபிடியை மேலும் கீழும் ஆட்டி வேறொருவரும் ஏற்றலாம். உள்ளே இருக்கிற தோல்பையில் காற்று இல்லாவிட்டால் எந்தக் கட்டையை அழுத்தினாலும் சத்தம் வராது.

“மாஸ்டர், உங்கட கை என்னத்தையும் வாசிக்கட்டும். காத்தை நிப்பாட்டினா சரிதானே?” என்றேன்.

அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். படித்த பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கே என்மேல் மதிப்பு வந்தது. அந்த மதிப்பு, “அப்ப காத்துப் போடுறது ஆர்?” என்று மாஸ்டர் கேட்கும்வரைதான் நீடித்தது. கடைசிச் சுரம் எங்கே முடிகிறது என்று கோடுகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவள், மாஸ்டரைத் தவிர, அந்த அறையில் நான் ஒருத்திதான்.

என் முகம் போன போக்கைக் கண்டு மாஸ்டர் ஒரு வாக்குக் கொடுத்தார். “இஞ்சை பாரும் தங்கச்சி. இந்த வேலை எங்களுக்குக் கிடைச்சா, கிழமைக்கு ஒரு பாட்டு நீர் வாசியும். பின்னுக்கு நிண்டில்லை, முன்னுக்கு இருந்து. சரியோ?”

சரி என்றேன். அன்றிலிருந்து அந்த ஒரு பாட்டை நான் தெரிவு செய்துவைத்து, வீட்டில் இடியப்பப் பலகையின்மேல் விரல்களை ஓடவிட்டுப் பழகினேன்.

வீட்டில் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

“ரேடியோவுல நீ என்னா வாசிக்கிற?” என்று அப்பா கேட்டார்.

“வாசிக்கிறது மாஸ்டர். நான் காத்துப் போடுறேன்.”

“காத்தா?”

“காத்து.”

அப்பா சோற்றில் கைவைத்தபடி யோசித்தார். “ஃபேன் செய்ற வேலைக்கா இவ்ளோ படிச்ச?”

அம்மா விடவில்லை. மறுநாள் தண்ணீர்க் குழாயடியில், “எங்க புள்ள இல்லாட்டி ரேடியோப் பெட்டிக்கு மூச்சே வராதாம்” என்று அறிவித்துவிட்டார். அன்று பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுவதும் என்னை மரியாதையோடு பார்த்தது. தபேலாக்காரர் மட்டும், “வாங்க காத்தம்மா” என்று வரவேற்றார்.

உண்மையில் அதுவும் லேசான வேலையல்ல. நிலையத்தில் ஒத்திகை பார்த்தபோதுதான் தெரிந்தது, கையை நிறுத்தியவுடன் சத்தம் நிற்காது. பையில் மிச்சக் காற்று இருக்கும். அந்த மிச்சம் கடைசிச் சுரத்துக்கு மட்டும் போதுமாக இருக்க வேண்டும், ஆமெனுக்கு எஞ்சக்கூடாது. முந்தி நிறுத்தினால் பாட்டு பூனைபோல அழுதுகொண்டே சாகும். பிந்தினால் சேர்ச் வந்துவிடும். ஓகனுக்கு மேலாக மாஸ்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த அளவைப் பிடித்தேன்.

அந்த மாலை வந்தது. சுவரெல்லாம் தடித்த திரை தொங்கும் அறை. கண்ணாடிக்கு அப்பால் அதிகாரி. சிவப்பு விளக்கு எரிந்ததும் எங்கள் சத்தம் கடல்வரைக்கும் போகும் என்று நினைத்தபோது கைபிடி என் கையில் வழுக்கியது. ஆனால் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் நான் காற்றை நிறுத்தினேன். மாஸ்டரின் கைகள் கீழே போய், மிகுந்த பக்தியோடு, ஒரு சத்தமும் இல்லாத ஆமெனை வாசித்தன. கடைசிப் பாட்டும் அப்படியே முடிந்தது. அதிகாரி கண்ணாடிக்கு அப்பால் தலையாட்டினார்.

பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். அவர் தலையாட்டல் நின்றது.

பயத்தில் மாஸ்டர் எல்லாப் பாட்டையும் ஓட்டமாக ஓட்டிவிட்டார். நேரம் மிச்சம் இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதிகாரி இரண்டு கைகளாலும் ரப்பரை இழுப்பதுபோல இழுத்துக் காட்டினார். இன்னும் வாசியுங்கள் என்று அர்த்தம். மாஸ்டர் தன் கைகளைப் பார்த்தார். அவை ஆமென் கட்டைகளின்மேல் அப்படியே படுத்திருந்தன. இனிக் காற்று வந்தால் என்ன சத்தம் கேட்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காலி ஊருக்குப் போகிற பெருவீதியில் இரண்டு பஸ்களுக்கு நடுவில் அகப்பட்ட ஆட்டைப் போல அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நான் கைபிடியை விட்டுவிட்டு முன்பக்கம் வந்தேன். அவர் எழும்பினார். என்னைக் கடந்து பின்னால் போய்க் கைபிடியைப் பிடித்துக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். கட்டைகள் இன்னும் அவர் கைச்சூட்டோடு இருந்தன.

இடியப்பப் பலகையில் பழகிய பாட்டை வாசித்தேன். முதல் வரி தனியாக. இரண்டாவது வரிக்குத் தபேலா கண்ணைச் சிமிட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. மூன்றாவதுக்கு வயலின். காற்று வஞ்சகமில்லாமல் வந்தது. பலகையைப்போல இல்லை, ஓகன் பதில் சொல்கிறது! அந்தச் சந்தோசத்தில் கடைசிச் சுரத்தை நீட்டிப் பிடித்தேன். விட்டேன். பிறகு, அத்தனை காலைகளும் ஜெபத்தில் நின்று வளர்ந்த என் கைகள், என்னைக் கேட்காமலே, கீழே போயின.

காற்றை நிறுத்துவார் என்று ஓகனுக்குப் பின்னால் பார்த்தேன். மாஸ்டர் கண்களை மூடிக்கொண்டு, முகமெல்லாம் நிம்மதியாக, கைபிடியை ஆசைதீர ஆட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரமும் சத்தமில்லாமல் வாசித்த ஆமென்களுக்கெல்லாம் சேர்த்து, தீவு முழுவதும் கேட்கிறமாதிரி, ஒரேயொரு ஆமென் கொழுத்து முழங்கியது.

எல்லாம் போயிற்று என்று நினைத்து, பயந்துபயந்து கண்ணாடிப் பக்கம் பார்த்தேன். அதிகாரியின் வாய் வட்டமாகத் திறந்திருந்தது. அப்படியே நின்றது. பிறகு மெதுவாக, மிக அழகாக, மூடியது. அதன்பிறகுதான் நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

சிவப்பு விளக்கு அணைந்தது. அதிகாரி உள்ளே வந்தார்.

“கடைசியிலை வந்தது…” என்று தொடங்கினார்.

“சேர்” என்றார் தபேலாக்காரர், “நீங்க உள்ளுக்கு என்ன பாடினீங்க?”

“நான் ஒண்டும் பாடயில்லை.”

“வாய் ஆடிச்சே, சேர்.”

நான் மிகவும் பணிவாக, “சேர் எந்தப் பள்ளிக்கூடம்?” என்று கேட்டேன்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. வடக்கில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் பேரை முணுமுணுத்தார். “விடியக்காலமை எழுப்பி எழுப்பிப் பாட வைச்சவங்கள்” என்றார், யார்மேலோ முறைப்பாடு செய்வதுபோல. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் அதிகாரியானார். “வாற கிழமை நேரத்துக்கு வாங்கோ. கிழமைக்குக் கிழமை நீங்கள்தான். கடைசிப் பாட்டை இந்தப் பிள்ளை வாசிக்கட்டும். காத்துக்கு மட்டும்…” மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார். “நம்பிக்கையான ஆக்களாப் பாத்துப் பிடியுங்கோ.”

நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் நின்றார். சந்திச் சாப்பாட்டுக் கடை ரேடியோவுக்கு முன்னால் ஒழுங்கையையே கூட்டிவைத்துக் கேட்டிருக்கிறார்.

“எப்படிப்பா இருந்திச்சி?”

“காத்து முதல்தரம்” என்றார். “ஒரு எடத்துலயும் அறுந்து போகல. எல்லாருக்கும் சொன்னேன், இப்ப கேக்குறது நம்ம புள்ளயோட காத்துன்னு.” கொஞ்சம் தயங்கினார். “ஆனா ஒண்ணு சொன்னா கோவிச்சிக்காத. கடசிப் பாட்டுல நீ அளவுக்கு மிஞ்சிப் போட்டுட்ட.”

“கடசிப் பாட்டுக்குக் காத்து நான் போடலப்பா.”

“அப்ப நீ என்னா செஞ்ச?”

“வாசிச்சேன்.”

அவர் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். உள்ளே அம்மா சட்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

“அப்ப காத்து யாரு?”

“மாஸ்டர்.”

அப்பாவின் முகம் மலர்ந்தது. “அதானே பாத்தேன்! நம்ம காத்து மாதிரி இல்லியேன்னு” என்று சொல்லிக்கொண்டே, சால்வையைத் தோளில் போட்டு, சந்திக் கடைக்கு அதைச் சொல்லப் புறப்பட்டார்.