மணிப்படம் போட்ட பாட்டில்

இசக்கிப்பாண்டி பட்டாளத்தை விட்டு அச்சன்புதூருக்குத் திரும்பியபோது அவன் டிரங்குப் பெட்டிக்குள் இரண்டு கம்பளிகளும், ஒரு சவரக்கத்தியும், உடைக்காத ஒரு பாட்டில் அமெரிக்கச் சாராயமும் இருந்தன. ஊரார் கண் கம்பளி மேல் விழவில்லை. சின்ன வயசுக் கூட்டாளிகள் சாயங்காலமானால் வந்து உட்கார்ந்துகொண்டு பெட்டியையே பார்த்தார்கள்.

"ஆளுக்கு ஒரு மடக்கு ஊத்துலே. சீமைச் சரக்கை நாங்க எங்க போயிக் கண்டோம்?"

"அது என்னதில்லலே. கடற்கரையோடது" என்று சொல்லிவிட்டான். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அவனோடு பட்டாளத்துக்குப் போன கூட்டாளி கடற்கரை திரும்பி வரவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

இரண்டு பேரும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். ஒருவனை ஒருவன் மச்சான், மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். லாரி ஓட்டப் பழக்கி, அஸ்ஸாம் எல்லையில் லெடோவுக்கு அனுப்பினார்கள். அங்கே மலையைக் குடைந்து பர்மாவுக்கு ரோடு போட்டுக்கொண்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். அதில் ஒருவன் சார்ஜெண்ட் ஹாரிஸ். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கிளப்புக்குள் அவனுக்கு இடமில்லை. அதனால் லாரிக் கொட்டகையில் டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்து குடிப்பான். கூட இருக்க ஆள் வேண்டும் அவனுக்கு. அப்படித்தான் இவர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள்.

அவன் குடித்தது போர்பன். அவன் ஊரில் மக்காச்சோளத்தில் காய்ச்சுவார்களாம். உள்பக்கம் நெருப்பில் கருக்கிய மரப்பீப்பாயில் ஊற்றி வருஷக்கணக்கில் போட்டுவைப்பார்களாம். அதையெல்லாம் அவன் பாதிக் கையாலும் பாதி வாயாலும் சொல்லுவான். முதல் நாள் கடற்கரை பட்டைச்சாராயம் குடிக்கிற மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மடக்காகக் கவிழ்த்தான். ஹாரிஸ் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டி தகர மக்கைப் பிடுங்கிக்கொண்டான். இதைத் தொண்டையில் ஊற்றக்கூடாது, நாக்கில் வைக்கவேண்டும் என்று காட்டினான்.

ஒரு மழை நாளில் அவன் மூன்று பாட்டில்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தான். எழுத்து வாசிக்கத் தெரியாததால் படத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். ஒன்று கப்பல், ஒன்று மான், ஒன்று மணி. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்து, உனக்கு எது என்று கேட்டான் ஹாரிஸ். கப்பல் இரண்டு பேருக்கும் ஆகவில்லை. புதுசாக அறுத்த மரத்தை நக்கினது போல இருந்தது. இசக்கிப்பாண்டிக்கு மான் பிடித்தது. இனிப்பாகத் தொடங்கி, கடைசியில் மிளகு கடித்தது போலச் சுள்ளென்று பிடிக்கும். கடற்கரை மூன்றையும் மாறி மாறி மோந்து பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் மணியை எடுத்தான்.

"மச்சான், கருப்பட்டி காய்ச்சுத இடத்துல நிக்க மாதிரி இருக்குலே. சட்டி அடியில லேசாப் பிடிச்சுப் போவும்லா, அந்த வாசம்."

எப்படிக் குடிப்பது என்பதற்கும் அவன் வெகுநாள் அலைந்தான். டீயில் விட்டுப் பார்த்தான். டப்பாப் பாலில் கலந்து குடித்து வாந்தி எடுத்தான். குளிருக்கு வெந்நீர் விட்டுப் பார்த்தான். ஹாரிஸ் சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஊற்றிக் கொடுத்தான். கடைசியாக ஒரு முறை அமைந்தது. மக்கில் இரண்டு விரல் உயரம், அதற்கு ஒரு கரண்டிப் பச்சைத்தண்ணீர். பிறகு ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம் சும்மா விட்டுவிட வேண்டும். வாசம் தானாக எழும்பி வரும். அப்புறம் துளித்துளியாக நாக்கடியில்.

ஹாரிஸுக்கு மலேரியா கண்டு பிதற்றியபோது கடற்கரைதான் மலைச்சரிவில் மழையோடு லாரியை இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தான். பிழைத்து வந்த ஹாரிஸ் மணிப்படம் போட்ட புதுப் பாட்டில் ஒன்றை அவன் கையில் வைத்தான். கடற்கரை அதைத் திறக்கவில்லை. ஊருக்குக் கொண்டுபோகவேண்டும் என்று பெட்டியில் வைத்துப் பூட்டினான். அடுத்த மழைக்கு ரோடு சரிந்தது. முன்னால் போன கடற்கரையின் லாரி அப்படியே பள்ளத்துக்குள் போவதைப் பின்னால் வந்த லாரியிலிருந்து இசக்கிப்பாண்டி பார்த்தான். உடம்பு கிடைக்கவில்லை. கொட்டகையில் பூட்டி வைத்திருந்த பெட்டிதான் கிடைத்தது.

ஊருக்கு வந்ததும் முதல் காரியமாகக் கடற்கரையின் பெண்சாதி உலகம்மையிடம் பாட்டிலைக் கொண்டுபோனான். அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இங்கன வச்சா எங்க மாமனாரு ஒரு நாள்ல தீர்த்துருவாக. உங்ககிட்டயே இருக்கட்டும்ணே. ஆடி அமாவாசைக்கு அவுகளுக்குப் படைக்கணும். அன்னைக்குக் கொண்டாங்க." பிறகு கேட்டாள்: "அதை எப்படிக் குடிப்பாக?"

இசக்கிப்பாண்டி சொன்னான். வழியில் பார்க்கும்போதெல்லாம் அவள் அதையே திரும்பக் கேட்டாள். கரண்டித் தண்ணீர், பீடி குடிக்கிற நேரம், கருப்பட்டி வாசம் எல்லாம் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. புருஷனைப் பற்றி அவளுக்குப் புதிதாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஆனி மாசக் கடைசியில் குற்றாலத்தில் சாரல் பிடித்தது. இசக்கிப்பாண்டியின் அண்ணன் நம்பிராஜன் தன் மகள் வடிவுக்கு ராயகிரியில் ஓர் இடம் பார்த்திருந்தார். மாப்பிள்ளையின் தகப்பன் முத்துக்குமாரசாமி பெரிய நிலக்காரர். குளிக்க வருகிறவரை அங்கேயே வைத்துப் பேசி முடித்துவிடலாம் என்று ஐந்தருவிப் பக்கம் ஒரு பங்களாவை எடுத்தார் நம்பிராஜன். ஆடி பிறந்தால் பேச்சு நின்றுவிடும்.

இசக்கிப்பாண்டி தென்காசியில் காய்கறி வாங்கிக்கொண்டு பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மேஜை மேல் மணிப்பாட்டில் இருந்தது. அவன் பெட்டியை உடைத்து எடுத்து வந்திருக்கிறார்கள். சுற்றி முத்துக்குமாரசாமியும் அவருடைய ஆட்களும் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"வா தம்பி" என்றார் நம்பிராஜன். அண்ணன் அவனைத் தம்பி என்று அழைத்து வருஷங்களாகியிருந்தன. "மாமா ஆசைப்பட்டாக. நீயே உன் கையால ஊத்து. உனக்குத்தான் முறை தெரியும்."

உள் அறைக் கதவுக்குப் பின்னால் வடிவு நின்றாள். புதுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக, சித்தப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்திருக்கலாம். அவன் மூடியைத் திருகினான்.

"எப்படிக் குடிக்கணும் தம்பி இதை?" என்று கேட்டார் முத்துக்குமாரசாமி.

"ஒரு கரண்டித் தண்ணி விட்டு, கொஞ்ச நேரம் வச்சிருந்து..."

"கரண்டியா? நான் என்ன கஷாயமா குடிக்கேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். நம்பிராஜன்தான் அதிகம் சிரித்தார். கோலிச்சோடாவை உடைத்து விளிம்பு வரை ஊற்றி, எலுமிச்சம்பழம் பிழிந்து, சீனி போட்டுக் கலக்கினார்கள். முத்துக்குமாரசாமி ஒரே மடக்கில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"மூட்டைப்பூச்சி மருந்து மாதிரில்லா இருக்கு. நம்ம பட்டைக்கு வருமாவே இது?"

ஆனாலும் நிறுத்தவில்லை. கோழி வறுவல் தீரத்தீர டம்ளர் நீண்டுகொண்டே இருந்தது. இசக்கிப்பாண்டி ஒவ்வொரு தடவையும் குறைத்துக் குறைத்து ஊற்றினான். அடியில் கொஞ்சம் நின்றால் போதும், ஒரு இலைப் படையலுக்குத்தானே என்று நினைத்தான். அப்போது ஆட்களில் ஒருவன் காலைத் தூக்கிக் காட்டினான். அருவிப் பாதையில் அட்டை கடித்து ரத்தம் நிற்காமல் ஒழுகியது. அவன் பாட்டிலை இசக்கிப்பாண்டி கையிலிருந்து வாங்கி, மிச்சத்தைக் கடிவாயில் ஊற்றித் தேய்த்துக்கொண்டான்.

சம்பந்தம் அன்றைக்கே பேசி முடிந்தது.

வீட்டுக்கு வந்தபிறகு இசக்கிப்பாண்டி அண்ணனிடம் கேட்டான். "அமாவாசைக்கு உலகம்மை முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"இதுக்குப் போயி ஏன்லே மூஞ்சியத் தூக்குத? பாட்டில் இருக்குல்லா. பட்டையை ஊத்தி, ரெண்டு சொட்டு கருப்பட்டிப் பாகு விட்டுக் குடு. செத்தவன் எந்திரிச்சு வந்து சொல்லப்போறானா?"

சீ என்று எழுந்து போனான். ஆனால் அமாவாசை நெருங்க நெருங்க வேறு வழி தோன்றவில்லை. உண்மையைச் சொல்ல இரண்டு தடவை அவள் தெரு வரைக்கும் போய்த் திரும்பினான். கடைசியில் அண்ணன் சொன்னதைத்தான் செய்தான். நிறம் சரியாக வந்துவிட்டது.

உலகம்மை இலை போட்டு, சோறும் கருவாட்டுக் குழம்பும் முட்டையும் வைத்திருந்தாள். பக்கத்தில் பித்தளை டம்ளரும் கரண்டியும் செம்பில் தண்ணீரும் இருந்தன. இசக்கிப்பாண்டி ஊற்றினான். அவளே கரண்டியால் தண்ணீர் விட்டாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு ஒரு பீடி குடிக்கிற நேரம் காத்திருந்தாள். அவ்வளவு நேரம் அவன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் குனிந்து டம்ளரை முகத்தருகே கொண்டுபோனாள்.

"அண்ணே, இது பட்டைல்லா?"

அவன் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்து வைத்தான்.

"எத்தனை வருசம் இந்த வாசத்துக்குப் பக்கத்துல படுத்திருக்கேன். எனக்குத் தெரியாதா?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பெட்டியை உடைத்தது, சோடா, அட்டைக்கடி வரைக்கும். அவள் அழவில்லை.

"வடிவு கல்யாணம் தெகைஞ்சிட்டா?"

"தெகைஞ்சிட்டு."

"நல்லா இருக்கட்டும். எங்கிட்ட வந்து கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். பொய்யை எதுக்குண்ணே அவுக இலையில கொண்டாந்து ஊத்துனிய?"

டம்ளரை எடுத்துப்போய் வாசலுக்கு வெளியே கொட்டினாள். திரும்பி வந்து கதவுப் பக்கம் ஒதுங்கி நின்றாள். அவன் போவதற்காகத்தான் நிற்கிறாள் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் நம்பிராஜன், "ஒரே பாட்டில்ல முடிஞ்ச சம்பந்தம்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இசக்கிப்பாண்டி தாலி கட்டினதும் எழுந்து வந்துவிட்டான். அதன் பிறகு அண்ணன் வீட்டில் அவன் சாப்பிடவில்லை. தென்காசியில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, செங்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் டிரைவராகச் சேர்ந்தான். குடியை விட்டான். சீக்கிரத்திலேயே மதுவிலக்கும் வந்தது. மற்ற டிரைவர்கள் மலையாளத்துப் பக்கமிருந்து ஒளித்துக் கொண்டுவருவதை அவன் தொடுவதில்லை. பட்டாளத்துக்காரன் காந்திக்காரனாகிவிட்டான் என்று கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டான்.

ஒரு நாள் தென்காசியில் வண்டி கிளம்புகிற நேரம், தலையில் கத்தரிக்காய்க் கூடையோடு உலகம்மை படியில் கால் வைத்தாள். டிரைவர் சீட்டைப் பார்த்தாள். கால் அப்படியே நின்றது.

"ஏறும்மா, நேரமாவுதுல்லா" என்றான் கண்டக்டர்.

"அடுத்த வண்டி எப்ப வரும்?" என்று கேட்டாள்.

"இதுலயே எடமிருக்கே. அடுத்தது வர மத்தியானமாவும்."

"ஆவட்டும்" என்று கீழே இறங்கினாள்.

கண்டக்டர் விசில் கொடுத்தான். இசக்கிப்பாண்டி வண்டியை எடுத்தான்.