ராசாவைக் கேட்கும் பாட்டு

அந்தக் கோடையில் வெள்ளைச் சட்டை போட்டு எவன் தெருவுக்குள் வந்தாலும், மஃப்டி போலீஸோ என்று கதவைச் சாத்திவிடுவேன். நெருக்கடி நிலை. கீழவைப்பாரில் எங்கள் கோயில் திருவிழாவுக்கு வாசகப்பா நடத்தக்கூட போலீஸ் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த வேதசாட்சி ஒருவரின் கதையை ஊரே கூடிப் பாட்டாகப் பாடி நடிக்கும் கூத்து அது. அதில் என்ன அரசியல், மண்ணாங்கட்டி!

இருக்கத்தான் செய்தது. அந்த வருஷம் வேதசாட்சி என் வீட்டுக்காரர். விலங்கோடு ராசா முன்னால் நின்று, "குற்றம் இன்னதென்று கூறாமல் சிறைவைக்கும் ராசாவே, உன்னை நான் யாரிடம் கேட்பேன்?" என்று அவர் பாட வேண்டும்.

தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி, பேப்பரும் கையுமாக வந்தார். "தங்கச்சி, போலீஸு ஒருத்தன தூக்கிட்டுப் போனா, ஏன்னு கோர்ட்டுல கேக்க முடியாதாம். சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டு. அஞ்சு ஜட்ஜுல ஒரே ஒருத்தர்தான் அது தப்புன்னுருக்காரு."

இதை எதற்கு நம் வீட்டில் வந்து சொல்கிறார்? அவர் மேலேயும் எனக்குச் சந்தேகம் வந்தது.

அவர் போனதும் வீட்டுக்காரரிடம் ஜெபமாலையை நீட்டினேன். "அந்த அடிய மட்டும் பாடமாட்டேன்னு இதத் தொட்டுச் சொல்லுங்க."

"ஏளா, பாட்டன் காலத்துப் பாட்டு. எந்த ராசான்னு எவன் கேப்பான்?"

"கேக்கதுக்குன்னே மஃப்டில போலீஸு ஆள் வாரானாம்லா!"

முணுமுணுத்துக்கொண்டே தொட்டார்.

திருவிழா அன்று பொழுது சாயக் கூத்து தொடங்கியது. பந்தல் காலில் சாய்ந்து ஒரு வெள்ளைச் சட்டைக்காரன் நின்றான். எங்கள் ஊர்க்காரன் இல்லை. பங்குசாமியார் ஆசீர் கொடுத்தபோது அவன் சிலுவை போடவில்லை. என் கண் அவனை விட்டு நகரவில்லை.

அந்த அடி வந்தது. வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டார். அவர் அடியை மறந்துவிட்டார் போல என்று ஆர்மோனியக்காரர் இரண்டாம் முறை வாசித்தார். வாளைத் தூக்கிய ராசா, கை வலிக்க நின்றார். என் வீட்டுக்காரரோ திருடிப் பிடிபட்டவர் மாதிரி தலையைக் குனிந்து நின்றார். வெள்ளைச் சட்டைக்காரன் சிரித்தான். எனக்கு வந்ததே ஆத்திரம்! அவரா திருடர்?

கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் அந்த அடியைப் பாடியது. என் குரல்தான். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் இருந்த பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், பிறகு ஆண்கள். பிறந்ததிலிருந்து கேட்ட பாட்டு, யாருக்குத்தான் தெரியாது? முதலில் பாடியது யாரென்று அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஊர் முழுக்க வாயைத் திறந்திருந்தது.

அவன் யாரென்று இன்றுவரை தெரியாது. போலீஸ்காரன்தான் என்று இப்போதும் சொல்வேன்.

ஒரு வாரம் ஜீப் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தோம். எதுவும் வரவில்லை. அதன்பிறகுதான் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்தது. ஜெபமாலையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நான் சத்தியத்தக் காப்பாத்திட்டேன். இனிமே பாடமாட்டேன்னு நீ தொடு பாப்போம்."

நான் தொடவில்லை.